சின்னத் தேள்தானே என்றார்கள்

அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கக் கூட்டம் நடக்கும். தண்ணீர் லாரி, லிஃப்ட், கார் நிறுத்தும் இடம் என்ற மூன்று விஷயங்களைத் தாண்டி அது போனதாக எனக்கு நினைவில்லை. போன கூட்டத்தில் நான்காவதாக ஒன்று வந்தது. பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியோடு ஒரு வருஷ ஒப்பந்தம். செயலாளர் கோட்டேஷனை வாசித்தார்: "கரப்பான், எறும்பு, சிலந்தி, தேள், பூரான் மற்றும் இதர பூச்சிகள்."

நான் கையைத் தூக்கினேன். "சார், இந்தப் பட்டியலில் முதல் இரண்டுதான் பூச்சி. மற்ற மூன்றும் பூச்சியே இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேல்வீட்டு அம்மாள், "எட்டுக்கால் பூச்சின்னு பேர்லயே பூச்சி இருக்கே சார்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தமிழே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டால் ஒரு ரிட்டயர்டு கிளார்க் என்ன செய்ய முடியும்? ஒப்பந்தம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. என் ஆட்சேபத்தால் அல்ல, தொகை அதிகம் என்பதால்.

அந்தச் சிரிப்போடு நானும் விட்டிருப்பேன். நான்கு நாள் கழித்து நடந்த ஒன்று விடவில்லை.

பக்கத்து மனையில் இருந்த பழைய பங்களாவை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். நம் பேட்டையில் இப்போது தெருவுக்கு இரண்டு இப்படித்தான். வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கின்றன. ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம். எங்கள் வாட்ச்மேன் ஓடிவந்து, "ஐயா, அங்க ஒரு பையனைத் தேள் கொட்டிடிச்சு" என்றார். கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். ஆறு வயசுப் பையன். செங்கல் அடுக்குக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறான். தேளை அடித்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். சுண்டுவிரல் நீளம் இருக்கும். சிவந்த பழுப்பு. அங்கே நின்றிருந்தவர்களில் ஒருவர் பையனின் தாயாருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்: "பயப்படாதம்மா. கருந்தேள் இல்ல, சின்னத் தேள்தானே. சுண்ணாம்பு வெச்சா காலையில சரியாயிடும்."

இந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அறுபத்தேழு வருஷம் ஆகிறது. அதற்கு வருகிறேன். முதலில் மேல்வீட்டு அம்மாளுக்குச் சொல்ல வராத பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சின்ன வகுப்புகள் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பொருளைக் கண்ணால் பார்த்துக் கற்கும் பாடம். ஒருநாள் எங்கள் முசியே இரண்டு கண்ணாடிப் புட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் வெட்டுக்கிளி, ஒன்றில் சிலந்தி. "காலை எண்ணுங்கள்" என்றார். எண்ணினோம். ஆறு, எட்டு. "மீசை எதற்கு இருக்கிறது?" வெட்டுக்கிளிக்கு இருந்தது, சிலந்திக்கு இல்லை. "உடம்பு எத்தனை துண்டு?" வெட்டுக்கிளிக்குத் தலை, மார்பு, வயிறு என்று மூன்று. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாய் ஒட்டி, வயிற்றோடு சேர்த்து இரண்டே. "இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?" இல்லை முசியே என்றோம். பாடம் முடிந்தது. எழுபது வருஷம் ஆகப்போகிறது, எனக்கு மறக்கவில்லை.

தேளும் அப்படியே. முன்னால் இருக்கும் இரண்டு இடுக்கிகளைக் கால் என்று எண்ணி ஏமாறக் கூடாது, அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணினால் எட்டு. உண்ணிக்கும் எட்டு. சிலந்தி, தேள், உண்ணி மூன்றும் ஒரு குடும்பம். ஈயும் எறும்பும் கரப்பானும் வேறு குடும்பம். பூரானும் மரவட்டையும் இரண்டிலும் சேராத மூன்றாவது குடும்பம். நண்டு, இறால் நான்காவது. எல்லோருக்கும் பொதுவான தாத்தா உண்டு, கணுக்காலிகள் என்ற பெரிய வம்சம். பங்காளிகள்தான், ஆனால் குடித்தனம் தனித்தனி.

இந்தப் பாகப்பிரிவினை அவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758ல் உலகத்து விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்துப் பட்டியல் போட்டபோது, சிலந்தி, தேள், நண்டு எல்லாவற்றையும் 'இறக்கையில்லாத பூச்சிகள்' என்று ஒரே கட்டில் போட்டுக் கட்டிவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டு அப்படியே கிடந்தது. 1801ல் பாரிசில் லமார்க் அதைப் பிரித்து, சிலந்தி வகைகளுக்கென்று 'அரக்னீத்' என்ற தனித் தலைப்பு கொடுத்தார். அரக்னே என்பது கிரேக்கக் கதையில் வரும் நெசவுக்காரப் பெண்.

லின்னேயஸுக்கும் ஒரு வருஷம் முந்தி, 1757லேயே ஸ்வீடன் சிலந்திகளைப் பற்றி ஒருவர் புத்தகம் போட்டிருந்தார். விலங்குகளின் பெயர்கள் 1758க்குப் பின் வந்தால்தான் செல்லும் என்பது உலக விதி. அதற்கு விதிவிலக்கு பெற்றது இந்த ஒரு புத்தகத்துச் சிலந்திப் பெயர்கள்தாம். எழுதியவர் பேராசிரியர் அல்ல. படிக்க வசதி இல்லாமல் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, ஸ்டாக்ஹோமில் வரி வசூல் இலாகாவில் வேலை பார்த்தவர். பெயர் கார்ல் கிளார்க். பெயரும் உத்தியோகமும் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

லத்ரேய் என்ற பாதிரியாரைப் பற்றியும் முசியே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுப் புரட்சியின்போது போர்தோ நகரில் சிறையில் கிடந்தவர். சிறைத் தரையில் ஊர்ந்த ஒரு வண்டைப் பார்த்து, "இது மிக அபூர்வமானது" என்று கண்டுகொண்டார். அந்த வண்டு வெளியே இருந்த இயற்கை ஆர்வலர்கள் கைக்குப் போய், அதன்மூலம் அவர் விடுதலைக்கு வழி பிறந்தது. கூட இருந்த கைதிகள் பலர் பிழைக்கவில்லை. சிலந்தி, தேள் குடும்பத்தைப் பின்னால் ஒழுங்காகப் பிரித்து அடுக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

நான் முப்பத்தாறு வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், முடிந்த கோப்புக்கு ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். என்று முத்திரை போடுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாகக் காக்க வேண்டியது. எல்.டிஸ். என்றால் ஒரு வருஷத்தில் கிழித்துவிடலாம். எழுத்தர் அசட்டையாக ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால் ஒருவருடைய பட்டா, ஒருவருடைய பென்ஷன் குப்பைக்குப் போகும். காணாமல் போன கோப்பு என்று நாங்கள் சொல்வதில் பாதி உண்மையில் காணாமல் போனதல்ல, தப்பான கட்டில் இருப்பது. அதனால்தான் 'தேளோ பூரானோ, எல்லாம் பூச்சிதானே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிடுகிறது.

தமிழனுக்கு வகைபிரிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தேள் கொட்டும், குளவி கொட்டும். சிலந்தி கடிக்கும், பூரான் கடிக்கும். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. விஷம் வாலிலா வாயிலா என்று நம் வினைச்சொல்லே பிரித்து வைத்திருக்கிறது. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்பும் சிவப்பு வெல்வெட் பூச்சியைத் தீப்பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்கூடம் போகாதவர் நம் வயதில் யார்? தம்பலப்பூச்சி என்போம், சிலர் பட்டுப்பூச்சி என்பார்கள். சங்கப் பாட்டில் அது மூதாய். அதற்கும் எட்டுக்கால்தான், உண்ணிக்கு நெருங்கிய உறவு. கவனித்த கண்கள் நம்மிடம் இருந்தன. ஆனால் தப்பான கட்டுகளும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போய்க் காலில் கொப்புளம் போட்டு நூலாக வெளிவந்த புழுவை நாம் 'நரம்புச் சிலந்தி' என்றோம். சிலந்திக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது சிலந்தி அல்ல, தண்ணீரில் வரும் புழு என்று புரிந்து தண்ணீரை வடிகட்டிக் குடித்த பிறகுதான் ஒழிந்தது. 2000ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அது இல்லை என்று சான்று கொடுத்தது.

இனி அந்தச் சின்னத் தேளுக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு சங்கதி அதில் இருக்கிறது. அதன் விஞ்ஞானப் பெயரில் தமிழ் இருக்கிறது.

காரைக்காலுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1706ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716ல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சிட்டார். தமிழை அவர்கள் லத்தீனில் தமுலிக்கா, தமுலிக்கா என்றே எழுதினார்கள். பின்னால் அதே ஊரிலிருந்து வேதப் புத்தகத்தோடு புட்டிகளும் பெட்டிகளும் கப்பலேறின. கூனிக் என்ற மருத்துவர், லின்னேயஸிடம் படித்தவர், 1768ல் வந்தார். டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி பனைமரத்தில் ஏறிய மீனைத் தரங்கம்பாடியில் பிடித்தேன் என்று எழுதி ஐரோப்பாவைத் திகைக்க வைத்தார். நம் ஊரில் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயரே இருக்கிறது என்பது வேறு விஷயம். இந்தப் பெட்டிகள் பல போய்ச் சேர்ந்த இடம் ஃபாப்ரீசியஸ் என்ற பேராசிரியரின் மேசை. தமிழ் அகராதி போட்ட வேப்பேரி ஃபாப்ரீசியஸ் பாதிரியார் வேறு, இவர் வேறு. இவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கீல் நகரில் உட்கார்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தவர். 1798ல் அவர் நம் செந்தேளுக்கு வைத்த பெயர் 'ஸ்கார்பியோ தமுலஸ்'. தமிழ்த் தேள்.

அதற்குப் பிறகு அந்தத் தேள் மூன்று இலாகா மாறிவிட்டது. முதலில் ஸ்கார்பியோ, பிறகு பூத்தஸ், பிறகு மீசோபூத்தஸ், 2007ல் செக் நாட்டு ஆய்வாளர் ஒருவர் மாற்றியதிலிருந்து ஹாட்டென்டோட்டா. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் மக்களை வெள்ளைக்காரர்கள் இழிவாக அழைத்த சொல்லிலிருந்து வந்தது அது. ஆக, குடும்பப் பெயர் ஆப்பிரிக்காவிலிருந்து, சொந்தப் பெயர் தமிழிலிருந்து. இலாகா எத்தனை மாறினாலும் தமுலஸ் மட்டும் மாறவில்லை, மாற்றவும் முடியாது, விதி அப்படி. இனத்தின் தலைப்பு மாறிவிட்டால், முதலில் பெயர் வைத்தவர் பெயரையும் வருஷத்தையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஃபாப்ரீசியஸ், 1798 என்று அடைப்புக்குறிக்குள் பார்த்தால், 'இந்தக் கோப்பு வேறு இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்தது' என்று தெரிந்துகொள்ளலாம். முதல் குறிப்பு எழுதியவரின் இனிஷியலை இரண்டு நூற்றாண்டு காக்கும் அலுவலகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1958. எனக்கு எட்டு வயது, தங்கச்சிக்கு ஐந்து. திருமலைராயன்பட்டினத்தில் அப்பாயி வீட்டுக் கொல்லையில் விறகுக் கட்டை எடுக்கப் போனவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கட்டைவிரலில் கொட்டியிருந்தது. அப்பா விறகைப் புரட்டித் தேளைத் தேடி அடித்தார். சிவப்பாக, ஒல்லியாக இருந்தது. அந்த வருஷம்தான் அதே கொல்லையில் ஒரு சாண் நீளத்துக்குக் கருந்தேள் ஒன்று வந்து தெருவே கூடி அடித்திருந்தது. அதை நினைத்துக்கொண்டுதான் அப்பாயி பெருமூச்சு விட்டு, "நல்ல வேளை, சின்னத் தேள்தானே" என்றார். மந்திரிக்கிறவர் வந்தார். வேப்பிலை, சுண்ணாம்பு, புளியங்கொட்டை. வலி குறைந்த மாதிரிகூட இருந்தது. ராத்திரி வாந்தி எடுத்தாள். உடம்பெல்லாம் தொப்பமாக வியர்த்தது. கையும் காலும் மட்டும் கிணற்றுக் கல் மாதிரி ஜில்லென்று ஆகிவிட்டன. அம்மா என்னைத் தவிட்டு மூட்டை போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். விடியற்காலம் மூச்சு இரைத்தது, வாயில் நுரை. மாட்டு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அப்பாயி அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெரிய கருந்தேள் யார் என்று நான் பிற்பாடு தேடிப் படித்தேன். உலகத்தின் மிகப் பெரிய தேள்களில் ஒன்று நம் தென்னாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. 1872ல் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு ஸ்வாமர்டாம் என்ற டச்சு அறிஞரின் பெயரை வைத்தார். பார்த்தால் நெஞ்சு உறையும். ஆனால் அந்த வகைக் கருந்தேள் கொட்டினால் வலியும் வீக்கமும்தான், ஆளைக் கொல்வது அபூர்வம். இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் அது இடுக்கியை நம்பிப் பிழைக்கிற தேள். இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் விஷத்தை நம்பிப் பிழைக்கிறது. இது சட்டமல்ல, கண்ணளவுக் கணக்குதான். ஆனாலும் நம் பயம் நேர் தலைகீழாக இருந்திருக்கிறது. கொல்லாததைக் கண்டு தெருவே கூடியது. கொல்வதைக் கண்டு பெருமூச்சு விட்டோம்.

எல்லாம் தெரிந்திருந்தாலும் 1958ல் தங்கச்சியைக் காப்பாற்றியிருக்க முடியுமா? முடியாமலே போயிருக்கலாம். அன்றைக்கு அதற்கு வைத்தியமே உருப்படியாக இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். 1970களின் கடைசியில் கொங்கணப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், செந்தேள் கொட்டிய பிள்ளைகள் வரிசையாகச் சாவதைப் பார்த்தார். வாந்தி, வியர்வை, ஜில்லிட்ட கைகால்கள் என்று ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். 1982ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. நான் அந்தக் குறிப்புகளின் சாரத்தை முதன்முதலில் படித்தபோது எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு அந்த ராத்திரியை யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது.

விஷம் உடம்புக்குள் ஒரு புயலைக் கிளப்பிவிடுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்கி இதயம் திணறி நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு நாற்பது பேர் வரை செத்த இடத்தில் அது ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. செந்தேள் விஷத்துக்கென்றே தயாரித்த முறிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று அவரும் அவர் மனைவியும் 2011ல் எழுதினார்கள். 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதில் என் கட்சிக்கு வேண்டிய சங்கதி என்னவென்றால், அந்த முறிமருந்து 'பூச்சி'க்கு அல்ல, 'தேளு'க்குக்கூட அல்ல, தமுலஸ் என்ற அந்த ஒரு தேளின் விஷத்தைக் கொண்டு செய்தது. பெயர் வைப்பதெல்லாம் வேலையற்ற வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

பையனை நாங்கள் உடனே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டோம். சுண்ணாம்பு யோசனை சொன்னவருக்கு என்மேல் வருத்தம். அடித்துப் போட்டிருந்த தேளையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கூடவே அனுப்பினேன். டாக்டர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, பையனுக்கு ஆஸ்பத்திரியில் வியர்வையும் வாந்தியும் தொடங்கிவிட்டன, மாத்திரையும் மருந்தும் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்து அதே செங்கல் அடுக்கில் ஏறிக்கொண்டிருந்தான்.

உண்ணிக் காய்ச்சலும் இதே கதைதான். ஸ்கரப் டைஃபஸ் என்கிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அந்தக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, அதற்குக் கால் ஆறுதான், வளர்ந்த பிறகுதான் எட்டு. எங்கள் முசியே இருந்திருந்தால் இந்த விதிவிலக்கை ரசித்திருப்பார். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பக்கு இருக்கும், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒளிந்திருக்கும். காய்ச்சல் வந்தால் நாம் டெங்கு என்கிறோம், டைஃபாய்டு என்கிறோம். "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று பக்கை டாக்டரிடம் காட்டாமலே விட்டுவிடுகிறோம். டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்தில் போகக்கூடிய காய்ச்சல். முற்றவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். முற்றிய நோயாளிகளுக்கு இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023ல் வந்தது. நம் வயதுக்காரர்கள் பூங்காவில் புல்தரையில் உட்காருகிறவர்கள். காய்ச்சல் வந்தால் உடம்பை ஒருமுறை முழுக்கப் பாருங்கள், பார்க்க எட்டாத இடத்தை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டுச் சிலந்தியை விட்டால் நியாயமில்லை, ஆட்சேபம் சிலந்திக்காகத்தான் தொடங்கியது. வீட்டு உத்தரத்தில் ஒட்டடை கட்டுவதும், சுவரில் குதித்துக் குதித்து ஈ பிடிப்பதும், குளியலறையில் கை அகலத்துக்கு விரிந்து நின்று நம்மைப் பயமுறுத்திவிட்டுக் கரப்பானைத் தேடிப் போவதும் நமக்குக் கெடுதல் செய்ய வந்தவை அல்ல. கரப்பானுக்கும் கொசுவுக்கும் காசு கொடுத்து ஆள் வைக்கிறோம். அதே வேலையைச் சும்மா செய்கிறவனையும் அதே ஆளை வைத்து அடிக்கிறோம். திருவானைக்காவல் கதை எல்லோருக்கும் தெரியும். சிலந்தி சுவாமிக்கு வெயில் படாமல் வலையால் பந்தல் போட்டது, யானைக்கு அது ஒட்டடையாகத் தெரிந்தது. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து கோயில் கட்டியதாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டு வந்து ஒட்டடைக் கம்பை எடுக்கிறோம். நானும் எடுப்பேன், வீட்டுக்காரி விடமாட்டாள். ஒட்டடை அடிப்பது வேறு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலைமுடுக்கெல்லாம் விஷம் அடிப்பது வேறு.

சிலந்திகளின் உலகப் பட்டியலைச் சுவிட்சர்லாந்தில் பெர்ன் அருங்காட்சியகத்தில் வைத்துப் பராமரிக்கிறார்கள். 2022ல் அது 50,000 இனங்களைத் தாண்டியது. நம் பக்கத்துச் சிலந்திகளும் அதில் உண்டு. மரப்பொந்தில் வாழும் பெரிய வரிச் சிலந்தி ஒன்றுக்கு, இலங்கையிலிருந்து போன மாதிரியைப் பார்த்து, சிறையில் பிழைத்த அதே லத்ரேய் 1804ல் பெயர் வைத்தார். அதன் உறவுக்காரி ஒருத்தி நீல நிறம். பம்பாய் மெயிலில் போனவர்களுக்குக் குத்தி ஸ்டேஷன் தெரியும், அங்கே ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்து 1899ல் பெயர் பெற்றது. அதன் பிறகு நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001ல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டார்கள். இன்னொருத்தி ராமேஸ்வரத்தில். அனுமவிலாசம் கோயில் தோப்பு மரங்களில் பார்த்து 2004ல் ஓர் ஆங்கிலேயர் அந்தக் கோயில் பெயரையே வைத்தார். பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் கிடைத்தது. இவற்றை வெளிநாட்டில் செல்லப் பிராணியாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதனால் 2019ல் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. நமக்கு அது 'இதர பூச்சி'.

கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்கிறேன். இந்தியத் தேள்களைப் பற்றி 1900ல் போகாக் எழுதியது ஆங்கிலத்தில். 1983ல் நம் சர்க்காரின் விலங்கியல் அளவைத் துறைக்காகத் திகேதரும் பஸ்தாவடேயும் எழுதிய பெரிய புத்தகமும் ஆங்கிலத்தில். தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றிச் சிமோன் 1906ல் எழுதியதைப் படிக்க என் பழைய பிரெஞ்சு உதவியது. தமிழ்த் தேளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு தமிழன் பிரெஞ்சு படித்திருக்க வேண்டியிருக்கிறது. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் நான் ஏறி இறங்கிய புத்தகக் கடைகளில், ஒரு செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் படித்துப் புரிந்துகொள்ளும்படி, படத்தோடு, 'இது செந்தேள், கொட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. இது கருந்தேள், இதைக் கண்டு பயப்படாதே' என்று சொல்லும் தமிழ்க் கையேடு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணுக்காலிகள் பாடம் இருக்கிறது, என் பேத்திக்கு ஐந்து மார்க் கேள்வியாக வருகிறது. ஒப்பிப்பாள். புட்டியில் போட்டுக் காலை எண்ணச் சொன்னால் ஓடிவிடுவாள். கட்டட அனுமதி கொடுக்கும்போது தலைக்கவசம், வலை என்று எத்தனையோ நிபந்தனை போடுகிறார்கள். மனையிலேயே தங்கும் குழந்தைகள் செங்கல் அடுக்கிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்ந்த கட்டிலில் படுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கு நஷ்டம்?

வகைபிரிப்பவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வதும் இல்லை. ஒடிசா கடற்கரையில் லாட நண்டு என்று ஒன்று கரையேறும், பெயர்தான் நண்டு. அதைச் சிலந்திக் குடும்பத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்று 2019ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் மரபணுவை வைத்து வாதிட்டார்கள். கூடாது என்று இன்னொரு கட்சி. கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

அடுத்த கூட்டம் போன ஞாயிறு நடந்தது. செயலாளர் அதே கோட்டேஷனைக் கொஞ்சம் விலை குறைத்துக் கொண்டுவந்தார். நான் கரப்பானுக்கும் எறும்புக்கும் சம்மதம் என்றேன். மேல்வீட்டு அம்மாள், "சிலந்தியை எடுத்துடுங்க, தேளுக்கு என்ன செய்யறது?" என்று கேட்டார். தேள் மருந்துக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது, அது இருக்கும் செங்கல், விறகு, குப்பையை அப்புறப்படுத்துவதுதான் வழி என்றேன். பின்பக்கம் வருஷக்கணக்கில் கிடக்கும் உடைந்த டைல்ஸ் குவியலை எடுக்கத் தீர்மானம் ஆயிற்று. அது யாருடைய டைல்ஸ் என்பதில் அரை மணி நேரம் போனது.

வாட்ச்மேனுக்கு ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதே, அந்த ரகம். இருட்டில் தேள்மேல் அது பட்டால் தேள் பச்சையாக ஜொலிக்கும், உலகத்தில் அநேகமாக எந்த ஊர்த் தேளும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்கு அவர் பக்கத்து மனைக்குப் போய் அந்தக் கொட்டகைகளைச் சுற்றி ஒரு நடை அடித்துவிட்டு வருகிறார். அந்தப் பையனும் கூடவே போகிறானாம். முந்தாநாள் ஒன்று அகப்பட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பெரியது, கறுப்பு, பருத்த இடுக்கி. பையன் என் கைத்தடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தாத்தா, இது கொல்லாத தேள்தானே?" என்றான்.